கம்ப்ரஸர் வண்டியும் மத்தாப்பு மாமாவும்

எங்க ஊர்ப்பக்கம் 'கம்ப்ரஸர் வண்டி'ன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். டிராக்டரில் பூட்டிக் கொண்டு வந்து, தூர்ந்து போன போர்வெல்லுக்குள் காத்தடிச்சு சேத்தையெல்லாம் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி விடுமே, அது. அதனால நான் ஒரு பழைய பென்ஸை வாங்கி விருதுநகருக்கு ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினதும், டிக்கியில் ஒட்டியிருந்த 'கொம்ப்ரெஸ்ஸர்'ங்கிற எழுத்தை எதிர்வீட்டுப் பெரியம்மா ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சுட்டு, "ஏய்யா, மோட்டார் ரூம் போர்ல ரெண்டு வருசமா தண்ணி இல்ல. இத வச்சுப் பாக்கலாமா?"ன்னு கேட்டாங்க. தெருவே சிரிச்சுது. எனக்கும் சிரிப்புதான், ஆனா யோசிச்சா பெரியம்மா சொன்னதில் பாதி சரி. போருக்குள் காத்தைத் திணிக்கிற வேலையும் என்ஜினுக்குள் காத்தைத் திணிக்கிற வேலையும் அண்ணன் தம்பிதான்.

வண்டி 2009 மாடல் சி200. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் பொத்திப் பொத்தி வச்சிருந்தது. 15 வருசம் முடிஞ்சு எஃப்சி எடுத்த கையோடு விக்கப் போட்டார். ஒரு புது சின்னக் கார் விலையை விடக் குறைவு. (எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். அப்பா இதைப் படிப்பார்.) 1796 சிசி, நாலு சிலிண்டர், 184 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். இன்னைக்கு டர்போ போட்ட புது வண்டிகளைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் பெரிய எண்ணே இல்லை. ஆனா 1.8 லிட்டருக்கு அந்தக் காலத்துல இந்த வேகம் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் விஷயம். அதுதான் சூப்பர்சார்ஜர். படிச்சது ஈசிஇ, செய்யறது ஜாவா, உனக்கெதுக்கு ஸ்பேனர்னு கேக்கிறவங்களுக்கு: பெரிய ஊர் சர்வீஸ் சென்டர்ல பெல்ட், இன்டர்கூலர் வேலைக்குன்னு வாங்கின எஸ்டிமேட்டைப் பாத்ததும் எனக்கு மெக்கானிக்கல் என்ஜினியரிங் தானா வந்துடுச்சு.

கொஞ்சம் கணக்கு. வேண்டாம்கிறவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும், அப்ப 11 கிலோ காத்து. எங்க ஊர் வெயில்ல அது ஒன்பது, பத்து கனமீட்டர், ஒரு சின்ன பாத்ரூம் நிறைய. ஆக, எந்த என்ஜினுக்கும் பெட்ரோல் பஞ்சம் கிடையாது. பம்ப் போட்டு எவ்வளவு வேணா பீய்ச்சலாம். பஞ்சம் காத்துக்குத்தான். அதுவும் 15 டிகிரி குளிர்ல இருக்கிற காத்தை விட 40 டிகிரிக் காத்து கிட்டத்தட்ட 8 சதவீதம் லேசு. மே மாச மதியம் விருதுநகர் பைபாஸ்ல ஏறும்போதே எந்த வண்டிக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு மூச்சு போயிருக்கும்.

அந்த மூச்சைக் கட்டாயமா திணிக்கிற மெஷினை ரூட்ஸ்னு ரெண்டு அண்ணன் தம்பி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1860-ல் காப்புரிமை எடுத்தாங்க. கார் எல்லாம் அப்ப கிடையாது. இரும்பு உருக்குற உலைக்குக் காத்தடிக்கத்தான் அது போச்சு. காருக்கு வந்தது அப்புறம்: மெர்சிடிஸ் 1921 பெர்லின் கண்காட்சியில் கம்ப்ரஸர் வச்ச கார்களைக் காட்டினாங்க. என் வண்டியில் இருக்கிறதும் அந்த ரூட்ஸ் பரம்பரைதான். ஒரு அலுமினியப் பெட்டி, உள்ளே முறுக்கிவிட்ட மாதிரி ரெண்டு ரோட்டர். பார்க்க கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி இருக்கும். நடுவில் விட்டு நசுக்கும்னு நினைப்போம், கிடையாது. ரோட்டர் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடறதே இல்லை. காத்தைச் சுவர் ஓரமா சுமந்து போய் அந்தப் பக்கம் கொட்டும். கொட்டினது திரும்பி வர வழியில்லாம நெரிசல் ஆகுதே, அந்த நெரிசல்தான் 'பூஸ்ட்'. டர்போ புகையில் சுத்தும். இது என்ஜின் பெல்ட்டில் சுத்தும். அதனால காலை வச்ச உடனே இழுக்கும், காத்திருக்கிற வேலை இல்லை. மெல்லிசா ஒரு ஊளை கேட்கும் பாருங்க... சரி, சரி, அடங்குறேன்.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் நான் இல்லை. எங்க மாமா. அம்மாவோட கடைசித் தம்பி. திருத்தங்கல்ல வீடு. முப்பது வருசத்துக்கும் மேல பட்டாசு ஆலை வேலை, கடைசி பத்து வருசம் போர்மேன். 2018 கடைசியில், பேரியம் நைட்ரேட்டும் சரவெடியும் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்குப் பிறகு, சிவகாசிப் பக்கம் ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். அப்ப வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகலை. சும்மா இருக்க முடியாத ஆள். நான் வீட்டிலிருந்தே வேலை பாக்கிறேன்னு தெரிஞ்சதும் ஞாயித்துக்கிழமைன்னா காலையில அஞ்சே முக்காலுக்கு டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து நிப்பார், கையில் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவோட.

சூப்பர்சார்ஜர்னா என்னன்னு அவருக்குச் சொல்ல நான் வரைபடமெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டார்.

"அதாவது மாப்ள, எங்க மருந்துல காத்து உப்புக்குள்ளயே இருக்கு. உன் வண்டிக்கு உப்பு இல்ல, அதனால வெளிய இருந்து அமுக்கித் திணிக்கிற. அம்புட்டுதான?"

அம்புட்டுதான்! பி.இ. நாலு வருசத்துல எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரலை. பட்டாசு மூடின காகிதக் குழாய்க்குள்ள, காத்தே இல்லாத இடத்துல எரியுது. எப்படி? வெடியுப்புங்கிற பொட்டாசியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட் மாதிரி உப்புகள் சூட்டில் ஆக்சிஜனை விடும். அலுமினியப் பொடியும் கந்தகமும் கரியும் அதை வாங்கிக்கும். தீப்பெட்டியும் அப்படித்தான்: குச்சி மருந்தில் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ், நடுவில் ஒரு உரசல். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்த தொழிலே ஆக்சிஜனைத் திடப்பொருளா மடிச்சு வைக்கிற தொழில்தான்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. சினிமாவில் பட்டனை அமுக்கினதும் கார் பறக்குமே, நைட்ரஸ், அதுவும் இதே குடும்பம். அமோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கித்தான் நைட்ரஸ் ஆக்சைடு தயாரிக்கிறாங்க.

இங்கேதான் பிரச்சினையும் ஆரம்பிச்சுது. அமெரிக்காவில் இருக்கிற காலேஜ் நண்பன் லீவுக்கு வந்தப்ப ஒரு பரிசு கொண்டு வந்தான். சூப்பர்சார்ஜர் புல்லி. ஒரிஜினலை விட விட்டம் 10 சதவீதம் சின்னது. இதை மாட்டினா அதே என்ஜின் வேகத்தில் ரோட்டர் 11 சதவீதம் வேகமா சுத்தும், கூடுதலாக் காத்து, கூடுதலா பூஸ்ட். கூடவே ஒரு சாப்ட்வேர் மாத்தம் போட்டா சுளையா இருபது குதிரை கிடைக்கும்னான். சின்ன வட்டமான ஒரு இரும்புத் துண்டு. உள்ளங்கையில் வச்சுப் பாத்தா மோதிரம் மாட்டிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி ஒரு பூரிப்பு.

மாமாகிட்ட காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தார். "இதப் போட்டா சூடு எவ்வளவு ஏறும்?"

நண்பன் குதிரையைப் பத்திச் சொன்னான், மாமா சூட்டைப் பத்திக் கேட்டார். அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். வெளியே 38 டிகிரி, அரை பார் பூஸ்ட்னு வச்சுக்குவோம். குறையே இல்லாத மெஷினா இருந்தாக்கூட அமுக்கின காத்து 76 டிகிரிக்குப் போகும். ரூட்ஸ் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. 60 சதவீதத் திறன்னு எடுத்தா, வெளியே வர்ற காத்து 100 டிகிரியைத் தொடும். காப்பிக்குத் தண்ணி வச்சிடலாம். அதை அமுக்கறதுக்கே என்ஜின் சக்தியில் சுமார் பத்து குதிரை பெல்ட் வழியா போயிடுது. இந்தக் கொதிக்கிற காத்தை ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற இன்டர்கூலர் வெளிக்காத்தை வச்சு ஆத்தும். ஜெர்மனியில் வெளிக்காத்து 15 டிகிரி. எட்டூர்வட்டம் டோல்கேட்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிக்காத்து எப்படி இருக்கும்னு அந்த வழியா தூத்துக்குடி, திருநெல்வேலி போனவங்களுக்குத் தெரியும்.

காத்து சூடானா என்ன ஆகும்? ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு ஓரத்திலிருந்து சிலிண்டர் முழுக்கப் பரவணும். வேகமாத்தான், ஆனா பரவணும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினா, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மிச்சக் கலவை தானா ஒரே நேரத்துல பத்திக்கும். அதுதான் நாக்கிங். 'டிங் டிங்'னு சத்தம், பிஸ்டனுக்குச் சம்மட்டி அடி. இதை எங்க டீம் லீடுக்கு விளக்க ஒயிட்போர்டு போதாமப் போச்சு. மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கலை.

"எரியிறது வேற, வெடிக்கிறது வேற மாப்ள. கம்பி மத்தாப்பு எரியணும். லட்சுமி வெடி வெடிக்கணும். மத்தாப்பு வெடிச்சா அது மத்தாப்பு இல்ல, விபத்து."

உங்க என்ஜினும் மத்தாப்பு சாதிதான். நாம எல்லாரும் 'வெடிச்சு' பிஸ்டனைத் தள்ளுதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது எரியுது. வெடிச்சா போச்சு. வண்டியில் நாக் சென்சார்னு ஒண்ணு இருக்கு. சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் பொறி விடற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி என்ஜினைக் காப்பாத்தும். காப்பாத்தும்போது சக்தி குறையும். அதாவது சூடான ஊர்ல சின்னப் புல்லி போட்டா, கூடுதல் காத்துல வந்த குதிரையை கம்ப்யூட்டர் லாயத்துக்குத் திருப்பி அனுப்பிடும்.

சரி, ஊகம் வேண்டாம், அளந்து பாப்போம். ஓபிடி டாங்கிள் ஒண்ணு சொருகி, இருக்கிற புல்லியோடயே சாத்தூர் வரை ஒரு மதியம் ஓட்டி, வந்த எண்களை பைத்தான் ஸ்கிரிப்ட்ல வரைபடமா போட்டேன் (கடைசியில் தெரிஞ்ச வேலைக்கே வந்துட்டான் பாருங்க). வெளியே 39. சீரா 80-ல் போகும்போது என்ஜினுக்குள்ள போற காத்து 57. மூணாவது கியர்ல ஒரு தடவை முழுசா அழுத்தினா 78. அழுத்தினதை விட்ட பிறகு பழைய நிலைக்கு வர ரெண்டு நிமிஷத்துக்கு மேல. பொறி நேரம் ஆறு டிகிரி வரை பின்னுக்குப் போயிருந்தது. புல்லி மாட்டாமலே இந்த லட்சணம். மாமா வரைபடத்தைப் பாத்துட்டு, "கொதிக்கிற உலைக்கு இன்னொரு விறகு வாங்கியாந்திருக்கான் உன் சிநேகிதன்"னார்.

அடுத்த ஞாயிறு இன்டர்கூலரைக் கழட்டினோம். எப்படி செஞ்சோம்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வேலையை விட மாமா வேலை செஞ்ச விதம்தான் எனக்குப் பெருசாப் பட்டுது.

முதல் காரியமா வீட்டு வாசல் இரும்புக் கேட்டைக் கையால தொட்டார். எதுக்குன்னு கேட்டேன். ஆலையில் ரூமுக்குள்ள போகும் முன்னாடி மண்ணுக்குள் இறக்கின தகட்டைத் தொடணும், உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்கட்டும்னு. அது கையிலேயே தங்கிப் போச்சு. அப்புறம் தரையில் ஒரு சாக்கை விரிச்சு, அதில் நான் கொண்டு வந்த ஸ்பேனர், டோர்க்ஸ் பிட் எல்லாத்தையும் வரிசையா அடுக்கி எண்ணினார். 23. முடிச்சு எடுத்து வைக்கும்போதும் எண்ணினார். பாட்டரி நெகட்டிவைக் கழட்டச் சொன்னார். ஜாக்கியை நம்பாம ஸ்டாண்டு வச்சு, வண்டியை அசைச்சுப் பார்த்து, அப்புறம்தான் அடியில் போக விட்டார். பம்பரைக் கழட்ட ஒண்ணரை மணி நேரம். (யூட்யூப்ல வெள்ளைக்காரன் பன்னிரண்டு நிமிஷத்துல கழட்டுறான். அவன் வண்டி கரிசல் காட்டுல ஓடலை.)

உள்ளே பாத்தா... வேலிக்கருவை இலை. உங்களுக்குத் தெரியும், சீமைக் கருவேலம் எங்க மாவட்டத்துல எங்க திரும்பினாலும் நிக்கும். அதோட பொடிப் பொடி இலை கரிசல் மண்ணோட சேர்ந்து, இன்டர்கூலர் தகடுகளுக்கு நடுவுல அடை மாதிரி அப்பியிருந்தது. மூணில் ஒரு பங்கு வழி அடைஞ்சு போச்சு. ஹை பிரஷர் தண்ணி அடிக்கலாம்னு நான் பைப்பை எடுத்தேன். மாமா தடுத்தார். தகடு மெல்லிசு, மடிஞ்சா அந்த வழி நிரந்தரமா அடைஞ்ச மாதிரிதான். சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு, வீடு மொழுகுற மாதிரி மெதுவா, பெயிண்ட் பிரஷ்ஷால ஒவ்வொரு வரிசையா தள்ளி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமா மெல்லிசா தண்ணி விட்டு... மூணு வாளி கறுப்புத் தண்ணி வந்தது. உள்பக்கம் எண்ணெய்ப் படலம், அது கிரீஸ் போக்குற திரவத்துல ரெண்டு தடவை அலசினதும் போச்சு.

அது காயுற நேரத்துல பெல்ட். டென்ஷனரை ஒரு சாக்கெட்டில் மாட்டித் திருப்பிப் பிடிச்சு, துளையில் ஒரு கம்பி சொருகிட்டா பெல்ட் தளர்ந்து கையோட வந்துடும். கழட்டும் முன்னாடி பெல்ட் போற பாதையை போன்ல படம் எடுத்தே ஆகணும், மறந்தீங்கன்னா அன்னிக்கு முழுக்க சீட்டாட்டம்தான். பெல்ட்ல பள்ளங்களுக்கு நடுவே குறுக்கு வெடிப்பு ஆரம்பிச்சிருந்தது. எப்படியும் மாத்த வேண்டியதுதான். இதோட நிறுத்தியிருப்பேன். மாமா கழட்டறதுக்கு முன்னாடியே என்ஜினை ஓட விட்டு ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொரு புல்லியின் நடு போல்ட் மேலயும் வச்சு, கைப்பிடியை வலது காதுல வச்சுக் கேட்டிருந்தார். டாக்டர் நெஞ்சுல குழாய் வைக்கிற மாதிரி. "இந்தா, நடுவால சின்னதா இருக்கே, இது மட்டும் மணலைத் தின்னுது"ன்னார். கழட்டி விரலால சுத்தினா உண்மைதான், ஐட்லர் பேரிங்கில் கிரீஸ் காஞ்சு கரகரத்தது. அது இறுகி பெல்ட் அறுந்திருந்தா சூப்பர்சார்ஜர் மட்டுமில்லை, தண்ணி பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாமே நின்னிருக்கும். ஹைவேயில் இருட்டுல.

வலது காதுல வச்சுக் கேட்டார்னு சொன்னேன் இல்லையா. இடது காது கேட்காது. இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் பனியாரச் சட்டி மாதிரி இருக்கும். நான் சின்னப் பையனா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான் பாக்கிறேன், கேட்டதில்லை. அன்னிக்கு பேரிங்கைத் துடைச்சுக்கிட்டே அவரா சொன்னார். மருந்து கலக்குற வேலை விடியக்காலையிலதான். வெயில் ஏறினா நிறுத்தணும். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது. தீபாவளிக்கு முந்தின சீசன், ஆர்டர் நெரிசல். பக்கத்து ரூம்ல பதினோரு மணி தாண்டியும் கலந்துக்கிட்டு இருந்தாங்க. "இன்னும் ரெண்டு சட்டிதான்"னு சொன்ன குரல் கடைசியா அந்தக் காதுல விழுந்துச்சாம். அங்கிருந்த நாலு பேர்ல ஒருத்தர் மாமாவோட பள்ளிக்கூடத் தோழர். இதுக்கு மேல அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. பேரிங்கைத் துணியில சுத்தி என் கையில கொடுத்துட்டு, "மணி என்ன?"ன்னார். பத்தே கால். "கையைக் கழுவு. மிச்சம் சாயங்காலம்."

அரை மணியில முடியிற வேலை பாக்கி இருந்தது. இது பட்டாசு இல்ல மாமா, வெறும் பம்பர்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டுப் போய் பரோட்டா சாப்பிட்டு வந்து தூங்கினோம். அஞ்சு மணிக்கு மேல மாட்டினோம்.

மறுவாரம் அதே ரோடு, அதே மதிய நேரம், வெளியே அதே 39. சீரா போகும்போது 57-க்கு பதில் 49. முழுசா அழுத்தினா 78-க்கு பதில் 66. ஆறுறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகலை. பொறி நேரம் ரெண்டு டிகிரிதான் பின்னுக்குப் போச்சு. சோப்பும் பிரஷ்ஷும் கொடுத்த குதிரைகள் எத்தனைன்னு டைனோ இல்லாம சொல்ல முடியாது. ஆனா ஆர்.ஆர்.நகர் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணினப்ப பக்கத்துல உக்காந்திருந்த மாமா மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சதை நான் பாத்தேன். அவர் ஒத்துக்க மாட்டார்.

புல்லி? மாட்டலை. மாட்டப் போறதில்லைன்னு நண்பனுக்கு மெயில் போட்டுட்டேன், "கோழை"ன்னு ஒரு வரி பதில் வந்தது :-) அவன் ஊர்ல பனி பெய்யுது, அவன் சொல்வான். சட்டமும் ஒரு பக்கம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்தை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செஞ்சுது. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கேக்கிற முதல் கேள்வி அதுதான். ஆனா உண்மையைச் சொன்னா சட்டத்துக்குப் பயந்து நான் விடலை. 66 டிகிரியில் எரியிறதை எண்ணா பாத்தாச்சு. அதுக்கு மேல எப்ப வெடிக்கும்னு தேடிப் பாக்கிற ஆசை அந்த ஞாயித்துக்கிழமையோட போயிடுச்சு.

அப்கிரேடே பண்ணலையான்னா, பண்ணினேன். யாருக்கும் படம் போட்டுக் காட்டுற மாதிரி எதுவும் இல்லை. காத்து போற பழைய ரப்பர் ஹோஸ்களை சிலிக்கான் ஹோஸா மாத்தினேன். ஏர் பில்டர் பெட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு, நானே வெட்டினது, கொஞ்சம் கோணல். பிரேக் பேடும் டாட் 4 பிரேக் ஆயிலும் புதுசு. வேகத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி நிக்கிறதைப் பாக்கணும் இல்லையா. என்ஜின் ஆயில் 229.5 தரத்தில் 5டபிள்யூ-40, அதுவும் 15,000 கிலோமீட்டர் காத்திருக்காம 7,500-லேயே. இந்த என்ஜின் வரிசையில் டைமிங் செயின் நீள்றதும், கேம்ஷாப்ட் மேக்னட் வழியா ஆயில் கசிஞ்சு வயர் வழியா கம்ப்யூட்டர் வரைக்கும் ஏறிப் போறதும் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சங்கதிகள். வச்சிருக்கவங்க மேக்னட் கனெக்டரைக் கழட்டி ஒரு டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுத்துப் பாருங்க. என்னுது காய்ஞ்சு இருந்தது, இருந்தாலும் நடுவுல ஒரு துண்டு வயர் சேர்த்து விட்டிருக்கேன். ஆயில் ஏறினா அதோட நிக்கும்.

இ20 பெட்ரோலைப் பத்தி நிறையப் பேர் கேக்கிறாங்க. 2009 வண்டி இதுக்குன்னு செஞ்சதில்லை. பழைய ரப்பர் பாகங்கள் மேல ஒரு கண்ணு வச்சிருக்கேன். ஆனா திட்டுறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கமும் சொல்லணும்: எத்தனாலுக்கு ஆக்டேன் ஜாஸ்தி, ஆவியாகும்போது சூட்டையும் நிறைய இழுத்துக்கும். இ20-க்கு ஆக்டேன் 95-ன்னு 2025-ல் அரசாங்கமே சொன்னது. சூப்பர்சார்ஜ் வண்டிக்கு, நாக்கிங் விஷயத்துல, அது கெடுதல் இல்லை. மைலேஜ் குறையும், அது நிச்சயம். ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து கேட்ட எரிபொருள் இப்ப 13.5 கிலோதான் கேக்குது, அப்ப அதே காத்துக்குப் பெட்ரோல் அதிகமாத்தானே போகும்.

அடுத்த வேலை சூப்பர்சார்ஜரோட சொந்த ஆயில். ரோட்டர்களை ஒண்ணையொண்ணு தொட விடாம வச்சிருக்கிற பல்சக்கரங்களுக்குன்னு முன்பக்கத்துல தனியா ஒரு சின்ன அறை, அதுல கொஞ்சூண்டு ஆயில். வாழ்நாளுக்கும் போதும்னு சொல்லி அடைச்சது, ஆனா யாரோட வாழ்நாள்னு சொல்லலை. வடிய விடத் துளை கிடையாது, மேல இருக்கிற மூடியைத் திறந்து ஊசிக் குழாயால உறிஞ்சணும். ஊசிக் குழாய் மாமா ஏற்கெனவே வாங்கிட்டார், மாட்டு டாக்டர் வச்சிருக்கிற சைஸ்ல. ஆயில்தான் மதுரையில் நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கலை, ரெண்டு கடையில் கியர் ஆயிலைத் தலையில் கட்டப் பாத்தாங்க. திருச்சி, கோவைப் பக்கம் ஈட்டன் சூப்பர்சார்ஜர் ஆயில் சின்ன பாட்டிலில் வாங்கினவங்க யாராவது இருந்தா கடை பேரைச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்குள்ள சொன்னா இன்னும் நல்லது.